பிளாட்டுக்கு எச்டி டிவி போடுறதுக்கு முன்னால, பகல்ல வீட்டுல யாரு இருக்காங்கன்னு பாருங்க

 

இது கோயில் அறிவிப்பு இல்ல. நிர்வாகத்தோட கருத்தும் இல்ல. உங்க பக்கத்துல உட்கார்ந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்குற ஒரு தொண்டூழியனோட சொந்தக் கருத்து. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

கொஞ்ச நாளா வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு பாத்திரம் கழுவுற இடத்துல ஒரே கேள்விதான் வருது. "அண்ணே, புது பிளாட்டுக்குப் போறோம். எச்டி டிவிக்கு எதைப் போடலாம்? ஆஸ்ட்ரோவா, யூனிஃபையா, இல்ல மைடிவி பெட்டியே போதுமா?" நான் பிறையில ஒரு தொழிற்சாலையில சூப்பர்வைசர். சரக்கு உள்ள வர்றதுக்கு முன்னாடி ஸ்பெக் பார்த்து வாங்குறது நம்ம வேலை. அதனாலதான் என்கிட்ட கேட்கறாங்க போல.

கேட்டவங்க எல்லார்கிட்டயும் நான் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான். பகல்ல வீட்டுல யாரு இருக்காங்க?

பாதிப் பேரு "அம்மா மட்டும்தான்" அல்லது "அப்பா மட்டும்தான்"னு சொன்னாங்க. அப்படின்னா அந்த டிவி அவங்களுக்குத்தான். உங்களுக்கு இல்ல, பிள்ளைகளுக்கும் இல்ல. பிள்ளைங்க எல்லாத்தையும் போன்லயே பார்த்துடறாங்க. நீங்க ஓடி முடிச்சு வீட்டுக்கு வர்றப்போ மணி ஒன்பது, சாப்பிட்டா தூக்கம்தான். வீட்டுல பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பெட்டி முன்னால உட்கார்ந்திருக்கறது ஒருத்தர்தான். அவரைக் கேட்காமலே நாம பேக்கேஜ் எடுக்கறோம்.

நம்ம வயசானவங்க நிறைய பேர் தோட்டத்து லைன் வீட்டுல பிறந்து வளர்ந்தவங்க. வாசப்படியில உட்கார்ந்தா எதிர் வீட்டு அக்கா பேசும், போற வர்றவங்க எல்லாம் சொந்தம், கோயில் மணி அடிச்சா காதுல விழும். இப்போ ஒன்பதாவது மாடியில, 700 சதுர அடியில, இரும்பு கிரில்லைப் பூட்டிக்கிட்டு உள்ள இருக்காங்க. பக்கத்து வீட்டுல யாருன்னு தெரியாது, தெரிஞ்சாலும் பாஷை வேற. தமிழ்ச் சத்தம்னு வீட்டுல கேட்கறது டிவி மட்டும்தான். இதைச் சாதாரணமா நினைக்காதீங்க.

நம்ம கோயிலுக்கு வர்ற ஒரு குடும்பம். மகன் நல்ல பிள்ளை, அம்மா மேல உயிரு. புது பிளாட்டுக்கு 55 இன்ச் டிவி, வேகமான இன்டர்நெட், கேட்டதெல்லாம் கிடைக்கிற இணைய டிவின்னு போட்டுக் கொடுத்தாரு. அந்த அம்மா ரிமோட்டை அமுக்கினா முதல்ல ஒரு பக்கம் வருது. அதுல இருபது படம், எல்லாம் இங்கிலீஷ்ல. அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா இன்னொரு பக்கம், நீங்க யாருன்னு கேட்குது. தெரியாம ஏதோ பட்டன்ல விரல் பட்டா "சிக்னல் இல்லை"ன்னு நீலத் திரை. மகன் வேலையில இருக்கான்னு போன் பண்ணவும் மாட்டாங்க. மூணு மாசமா அந்த அம்மா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கறுப்புக் கண்ணாடி முன்னால உட்கார்ந்திருந்திருக்காங்க. கோயில்ல வந்து மத்தப் பாட்டிகள்கிட்ட சொன்ன பிறகுதான் மகனுக்கே தெரிஞ்சுது. பழைய வீட்டுல 201 அமுக்கினா வானவில் வரும், அது அவங்களுக்கு மனப்பாடம். மூணு எண்ணு. அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும்.

அதனால என் கருத்து இது. வயசானவங்க தனியா இருக்கிற வீட்டுல எண்ணை அமுக்கினா சேனல் வர்ற மாதிரி ஒரு வசதி கட்டாயம் இருக்கணும். பழசு, புதுசு, விலை எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். எச்டின்னா என்னன்னு தெரியாமலே பணம் கட்டறவங்க நிறைய. சாதாரணப் படத்துல குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளி. ஃபுல் எச்டியில 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தா சரியா அஞ்சு மடங்கு. 55 இன்ச் டிவியில பக்கத்துல உட்கார்ந்து பார்த்தா அந்த வித்தியாசம் பளிச்சுனு தெரியும். சாதாரண சேனலைப் பெரிய டிவியில போட்டா முகமெல்லாம் எண்ணெயில ஊறின மாதிரி கலங்கலா இருக்கும். ஆனா 32 இன்ச் டிவியை மூணு மீட்டர் தள்ளி உட்கார்ந்து, கண்ணுல புரையோட பார்க்கிற தாத்தாவுக்கு அது எச்டியா இல்லையான்னு ஒண்ணும் தெரியாது. அவருக்குத் தெரியறது சத்தம். இப்போ வர்ற மெல்லிசான டிவிகள்ல நிறைய பின்பக்கமோ கீழ்ப்பக்கமோ பார்த்துத்தான் சத்தம் விடுது. பேச்சே புரியாது. மாசா மாசம் கூடுதல் பேக்கேஜுக்குக் கட்டுற காசுல ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி முன்னால வச்சா அவருக்கு அதுதான் எச்டி.

இன்னொண்ணு. எச்டிக்குப் பணம் கட்டிட்டு, பெட்டியில இருந்து டிவிக்குச் சிவப்பு வெள்ளை மஞ்சள் வயரைச் சொருகி வச்சிருக்காங்க. நானே நாலு வீட்டுல பார்த்துட்டேன். அந்த மஞ்சள் வயருல எச்டி வராது. வரவே வராது. எச்டிஎம்ஐ வயர் போடணும். இருபது வெள்ளிக்குள்ள கிடைக்கும். அதோட படத்தோட அளவையும் சரியா வையுங்க. பல வீட்டுல பழைய அளவுப் படத்தை இழுத்து விரிச்சுப் பார்க்கறாங்க, முருகன் முகமே பூரி மாதிரி அகலமா தெரியுது.

ஆஸ்ட்ரோ நம்ம நாட்டுக்கு வந்தது 1996ல, எச்டி கொண்டு வந்தது 2009 கடைசியில. நம்ம ஆளுங்களுக்கு அது பழக்கப்பட்டது, தமிழ்ச் சேனல் அங்கதான் அதிகம், எண்ணை அமுக்கினா வரும். பாட்டிக்கு ஏத்ததுன்னு பார்த்தா இதைத்தான் முதல்ல சொல்வேன். ஆனா பிளாட்டுல ஒரு சிக்கல் இருக்கு, தரை வீட்டுல அது தெரியாது.

தட்டு பார்க்கிற செயற்கைக்கோள், கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில நிக்குது. நாம இருக்கறது 100ஐத் தாண்டி. அதனால இங்கிருந்து பார்த்தா அது கிட்டத்தட்ட நம்ம தலைக்கு மேல, கொஞ்சம் மேற்கே சாஞ்சு இருக்கும். பிளாட்டுல உங்க பால்கனிக்கு மேல என்ன இருக்கு? மேல் வீட்டுக்காரரோட பால்கனி. தலைக்கு மேல கான்கிரீட் இருந்தா தட்டு எப்படி வானத்தைப் பார்க்கும்? அதனால கிரில்லுக்கு வெளியே இரும்புக் கம்பி அடிச்சு நீட்டி வைக்கறாங்க. கிழக்குப் பார்த்த வீடுன்னா முழுக் கட்டடமும் மறைச்சுடும், நீட்டினாலும் பிரயோசனம் இல்ல. ஸ்ட்ராத்தா சட்டத்தோட துணைவிதிகள்படி, மேனேஜ்மெண்ட் எழுத்துல அனுமதி கொடுக்காம கட்டடத்தோட வெளிப்புறத் தோற்றத்தை மாத்தக்கூடாது. பேசி முடிவு பண்ணாம ஆள் கூட்டிட்டு வந்து துளை போட்டீங்கன்னா கழட்டச் சொல்லிக் கடிதம் வரும். அது மட்டுமில்ல, பத்தாவது மாடியில துருப்பிடிச்ச கம்பியில தொங்குற தட்டு கீழ விழுந்தா? கீழ பிள்ளைங்க பந்து விளையாடுற இடம். தொழிற்சாலையில தலைக்கு மேல தொங்குற எதுக்கும் ரெண்டாவது கட்டு போடாம விடமாட்டோம்.

நிறைய புதுக் கட்டடத்துல கூரை மேல ஒரே தட்டை வச்சு எல்லா வீட்டுக்கும் வயர் இழுத்திருப்பாங்க. ஹால் சுவத்துல அதுக்கான பாயிண்ட் இருக்கும். சாவி வாங்குற அன்னைக்கே மேனேஜ்மெண்ட் ஆபீஸ்ல கேட்டுடுங்க. பொதுத் தட்டு இருக்கா, வேலை செய்யுதா, என் வீட்டு பாயிண்ட் சோதிச்சாச்சா? அது இருந்தா துளையும் வேணாம், சண்டையும் வேணாம்.

மழையைப் பத்தி நான் சொல்லவே வேணாம். தட்டுக்கு வர்ற அலையைப் பெரிய மழை விழுங்கிடும், எந்த எச்டியா இருந்தாலும் சரி. தீபாவளி சமயம் நம்ம பக்கம் சாயங்காலமானா மழைதான். சிறப்பு நிகழ்ச்சியில பாட்டு ஆரம்பிக்கறப்போ படம் நின்னுடும். வீட்டுக்குள்ள வயர் வழியா வர்ற இன்டர்நெட் டிவிக்கு இந்தத் தொல்லை இல்ல.

இன்டர்நெட் வழியா போடுறதுன்னா, முன்னாடி ஹிப்டிவின்னு இருந்த யூனிஃபை டிவி மாதிரி, முதல்ல கேட்க வேண்டியது வேகம் இல்ல. உங்க கட்டடத்துக்குள்ள எந்தக் கம்பெனியோட ஃபைபர் வந்திருக்குன்னு கேளுங்க. தரை வீட்டுல ஒத்தையா இழுத்துக் கொடுத்துடுவாங்க. அடுக்குமாடியில கட்டடம் முழுக்க இழுத்திருந்தாத்தான் உங்களுக்குக் கிடைக்கும். எதிர் பிளாக்குல இருக்குன்னு சொல்றது உங்களுக்குச் சோறு போடாது. வேகத்தைப் பொறுத்தவரை, எச்டிப் படம் ஒண்ணு ஓட அஞ்சு முதல் எட்டு எம்பிபிஎஸ் போதும். வீட்டுல நாலு பேர் ஒரே நேரத்துல பார்த்தாலும் முப்பத்துச் சொச்சம்தான். 500ம் ஆயிரமும் விக்கிறவங்க விக்கட்டும். படம் நின்னு நின்னு வந்தா பெரும்பாலும் காரணம் வேகம் இல்ல, கான்கிரீட் சுவரு. ஒரு அறையில பெட்டி, இன்னொரு அறையில டிவி, நடுவுல ரெண்டு சுவர். ஒரு லேன் வயரைச் சுவர் ஓரமா இழுத்து டிவியில சொருகிடுங்க, சரியாயிடும்.

இப்போ யாரும் மதிக்காத ஒண்ணு, காசே இல்லாதது. 2019 அக்டோபரோட பழைய அனலாக் ஒளிபரப்பை நாடு முழுக்க நிறுத்திட்டாங்க. அதுக்குப் பதிலாத்தான் மைடிவி. அப்போ அரசாங்க உதவித்தொகை வாங்கின குடும்பங்களுக்கு அந்தப் பெட்டியை இலவசமாவே கொடுத்தாங்க, நம்மள்ல பல பேர் வீட்டுல இன்னும் அட்டைப்பெட்டியோட கட்டிலுக்கு அடியில கிடக்கு. புது டிவியா இருந்தா பெட்டியே தேவையில்ல. டிவிபி-டி2ன்னு ஸ்பெக்ல போட்டிருந்தா ஒரு ஏரியல் மட்டும் போதும். ஆர்டிஎம் டிவி2ல தமிழ்ச் செய்தி வரும், தமிழ்ப் படம் வரும், மின்னல் எஃப்எம்மும் அதுலயே கேட்கலாம். மாசக் கட்டணம் பூஜ்யம். எண்ணை அமுக்கினா சேனல் வரும்.

இதுலயும் பிளாட்டுக்குன்னு ஒரு வித்தை இருக்கு. அனலாக் காலத்துல சிக்னல் குறைஞ்சா புள்ளி புள்ளியா மழை பெய்யற மாதிரி தெரியும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டல் அப்படி இல்ல. வந்தா கண்ணாடி மாதிரி வரும், கொஞ்சம் குறைஞ்சா கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடும். நம்ம பட்டர்வொர்த், பிறை பக்கம் ஜெராய் மலை வடக்குப் பக்கம் இருக்கு, அங்க ஒளிபரப்புக் கோபுரம் இருக்கு. வடக்குச் சன்னல் இருக்கிற வீட்டுல சின்ன ஏரியலைச் சன்னல் ஓரமா வச்சாலே போதும். டிவிக்குப் பின்னால சுவத்தை ஒட்டி வச்சுட்டு "வரல, வரல"ன்னு சொன்னா ஏரியல் மேல என்ன தப்பு? வீட்டுக்குள்ள நாலு இடத்துல வச்சுப் பாருங்க. ஒரு அடி நகர்த்தினாலே மாறும்.

அடுத்தது சில பேருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் பரவாயில்ல. பசார் மாலாம்ல விக்கிற அந்தக் கறுப்புப் பெட்டி. ஒருதடவை காசு கொடுத்தா உலகத்துல இருக்கிற எல்லா தமிழ்ச் சேனலும், நேத்து வந்த படமும் வாழ்நாள் முழுக்க இலவசம்னு சொல்வாங்க. யாரோட வாழ்நாள்னு சொல்ல மாட்டாங்க, ஆறு மாசத்துல நின்னுடும். போய்க் கேட்டா கடைக்காரன் அந்த வாரம் வேற ஊர்ச் சந்தையில இருப்பான். 2022ல பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி இந்த மாதிரிப் பெட்டி விக்கிறவங்களுக்கு 10,000 வெள்ளியில இருந்து 2 லட்சம் வெள்ளி வரைக்கும் அபராதம், 20 வருஷம் வரைக்கும் சிறைன்னு ஆக்கியிருக்காங்க. விக்கிறவன் கவலை அவனோடது, விடுங்க. நான் கேட்கறது வேற. நம்ம ஊர்ப் பிள்ளைங்க இங்க தமிழ்ல நாடகம் எடுக்குது, படம் எடுக்குது, பாட்டுப் பாடுது. அவங்கள்ல சில பேர் நம்ம கோயில் திருவிழாவுல மேடையேறினவங்க. அவங்க உழைப்பைக் காசு கொடுக்காம பார்த்துட்டு, "மலேசியாவுல தமிழ்ப் படமே சரியில்ல"ன்னு டீக்கடையில பேசறோம். அந்தப் பெட்டியிலேயே காலையில கந்த சஷ்டி கவசமும் போட்டுக் கேட்கறோம். முருகனுக்கு எல்லாம் தெரியும், நான் வேற சொல்லணுமா.

பணக் கணக்குக்கு வருவோம். மாசம் 120 வெள்ளின்னா கேட்கறதுக்குச் சின்னதாத்தான் இருக்கு. ஒப்பந்தம் 24 மாசம்னா 2,880 வெள்ளி. கையெழுத்துப் போடறப்போ நீங்க ஒத்துக்கறது அந்தத் தொகைக்குத்தான். நடுவுல வேலை போனா, வீடு மாறினா, நிறுத்தறதுக்கு எவ்வளவு கட்டணும்னு எழுத்துல கேளுங்க. சலுகை விலை எத்தனை மாசம், அதுக்கு அப்புறம் எவ்வளவுன்னும் கேளுங்க. நான் ஒரு கம்பெனியில ஒரு சின்னப் பேக்கேஜை நிறுத்தறதுக்கு மூணு தடவை போன் பண்ணி, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டேன். பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. பேர் சொல்ல விரும்பல. அதுல இருந்து எதைச் சொன்னாலும் மின்னஞ்சல்ல எழுதி வாங்கிடறது. அப்படியும் தீரலன்னா எம்சிஎம்சியில புகார் கொடுக்கலாம், பயனீட்டாளர் நடுவர் மன்றமும் இருக்கு, வழக்கறிஞர் தேவையில்ல.

விளையாட்டுப் பேக்கேஜ் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. பந்து பார்க்கணும்னா பாருங்க, நான் தடுக்கல. ஆனா வாரத்துக்கு ஒரு ஆட்டம் பார்க்க மாசம் அம்பது அறுபது வெள்ளி கூடுதலா கட்டறதை விட, மாமாக் கடையில ஒரு தே தாரிக்கும் ஒரு ரொட்டிக்கும் பார்த்துடலாம். அங்க திரையும் பெரிசு.

டிவிக்கு மாசம் தவறாம கட்டிட்டு, பிளாட்டோட சர்விஸ் சார்ஜை எட்டு மாசம் பாக்கி வச்சிருக்கிறவங்களும் இருக்காங்க. டிவி கட்டணம் கட்டலன்னா அடுத்த வாரமே படம் நின்னுடும், அதனால கட்டறோம். சர்விஸ் சார்ஜ் கட்டலன்னா உடனே ஒண்ணும் தெரியாது. ஆனா நூறு வீடு இப்படிப் பண்ணினா லிப்ட் பழுதுபார்க்க ஜேஎம்பிகிட்ட காசு இருக்காது. போன வருஷம் நம்ம கோயில் திருவிழாவுக்கு ஒரு பாட்டி வரல. ஏன்னு கேட்டா, "லிப்ட் ரெண்டு மாசமா கெட்டுப் போச்சுப்பா, ஏழு மாடி இறங்க முட்டி விடல"ன்னாங்க. அவங்க வீட்டு டிவியில சேனல் ஏராளம். அம்மனை நேர்ல பார்க்க வழி இல்ல. ஆகவே முதல்ல லிப்டுக்குக் கட்டுங்க, மிச்சம் இருந்தா சேனலுக்குக் கட்டுங்க. இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

நானே இப்போ வீடு மாறினா என்ன போடுவேன்னு கேட்டா, முதல் மாசம் மைடிவி மட்டும். ஏரியல், எச்டிஎம்ஐ வயர், முன்னால ஒரு ஸ்பீக்கர். அந்த ஒரு மாசம் அம்மா என்ன கேட்கறாங்க, எதைத் தேடறாங்கன்னு ஒரு தாள்ல எழுதி வைப்பேன். அவங்க கேட்கற நாடகம் கட்டணச் சேனல்ல மட்டும்தான் வருதுன்னா, அது இருக்கிற சின்னப் பேக்கேஜ் எதுவோ அதை எடுப்பேன். அந்தச் சேனல் எச்டியில வருதான்னு கேட்டுட்டுத்தான் எச்டிக்குக் காசு. பிள்ளைங்க படிக்க இன்டர்நெட் எப்படியும் வேணும், அதையே டிவிக்கும் பயன்படுத்திக்கலாம். 2020ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததுல இருந்து நிறைய கோயில்ல பூசையை யூடியூப்லயும் ஃபேஸ்புக்லயும் நேரலையா போடறாங்க, அதைப் போன்ல குனிஞ்சு பார்க்காம பெரிய திரையில பார்க்க அது போதும். தைப்பூசத்தன்னைக்கு தண்ணீர்மலைக்கு வர முடியாத பெரியவங்க, பத்துமலையை நேர்ல பார்க்காத பெரியவங்க, ஹால்ல உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிடறதை நான் பார்த்திருக்கேன்.

ரிமோட் விஷயம் ஒண்ணு பாக்கி. தொழிற்சாலையில மெஷினை ஓட்ற பட்டன் பச்சை, நிறுத்தற பட்டன் சிவப்பு. புதுசா வர்றவன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் புரிஞ்சுக்குவான். வீட்டுலயும் அப்படிச் செய்யலாம். பவர் பட்டன்ல பச்சை டேப் ஒட்டுங்க. "இன்புட்", "சோர்ஸ்"னு எழுதியிருக்கிற பட்டன் மேல கெட்டி அட்டையை வச்சு டேப் போட்டு மூடிடுங்க, நீலத் திரைத் தொல்லை பாதி அதுலயே போயிடும். பிடிச்ச சேனல் எண்ணுகளை ஒரு வெள்ளைத் தாள்ல பெரிசா, தமிழ்ப் பேரோட எழுதி டிவி பக்கத்துல ஒட்டுங்க. ரெண்டு ரிமோட் இருந்தா ஒண்ணை ஒளிச்சு வையுங்க.

இதெல்லாம் செஞ்சு கொடுக்க நேரம் இல்லாதவங்க, இல்ல பிள்ளைங்க வெளியூர்ல இருக்கிற பெரியவங்க, கூச்சப்படாம சொல்லுங்க. இளைஞர் பிரிவுல ரெண்டு தம்பிங்க ஞாயித்துக்கிழமை காலைப் பூசைக்கு அப்புறம் வீட்டுக்கே வந்து வயர் மாத்தி, ரிமோட்டுக்கு டேப் ஒட்டித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. காசு வேணாம். டீ கொடுத்தா குடிப்பாங்க. பேக்கேஜ் எடுக்கப் போறவங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தத் தாளைக் கோயிலுக்கு எடுத்துட்டு வாங்க, பாத்திரம் கழுவுற இடத்துல உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.

அப்புறம், இந்த வெள்ளிக்கிழமை காய் நறுக்க இன்னும் நாலு பேர் வேணும். சாயங்காலம் அஞ்சு மணி. கத்தி நாங்க வச்சிருக்கோம்.